கூரைக்காரனுக்குக் கை கொடுத்தவள்

உள்ளறையிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது.

சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். ஈரம் சொட்டும் வலக்கையை மேலே தூக்கி, வீட்டிலுள்ள அத்தனையையும் சும்மா இருக்கச் சொல்வதுபோல் விரல்களை விரித்தாள். வாசல் கதவை அப்போதுதான் அடித்துச் சாத்திவிட்டு வந்த அவள் கணவர் ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக அப்படியே நின்றார். அவருக்கு இது பழக்கம்தான். அந்தக் கை கீழே இறங்கும்வரை அந்த வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது.

கை இறங்கியது.

"முகமா, முதுகா?" என்று கேட்டார்.

"முகம்தான். மூக்கு போயிருக்கும்."

"பாவம். போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினானோ, தினம் ஒரு மூக்கு போகுது."

"அவனை விடுங்க. நீங்க இன்னைக்குக் கதவை மெதுவாச் சாத்தினீங்க. நாளைக்கு ஓங்கிச் சாத்துங்க."

அது மழையில் ஊறி உப்பிப்போன கதவு. தோளால் ஒரு முட்டு முட்டி, பிடித்து இழுத்து அடித்தால்தான் மூடும்; மூடும்போது தரையே ஒருமுறை திடுக்கிட்டு அடங்கும். தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிடலாம் என்று கணவர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதுவும் நூல் பிசகாமல் பொருந்த வேண்டும் என்று நினைக்கிற மனிதர். அவள் விடவே இல்லை. அவளுக்கு அந்தக் கதவுதான் உரைகல். "பிள்ளைங்க இருக்கிற வீட்ல கதவை யாரு மெதுவாச் சாத்துறாங்க? பொம்மை அங்கதான் போய் நிக்கப் போகுது. இந்தக் கதவுக்கு நின்னா எந்தக் கதவுக்கும் நிக்கும்" என்பாள். விருந்தாளிகள் யாராவது மரியாதைக்காகக் கதவை மெல்லச் சாத்தப் பார்த்தால், "கூச்சப்படாதீங்க, நல்லா அடிங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். வந்தவர்கள் நம்மை விரட்டுகிறாளோ என்று முகம் சுருங்கிப் போவதும் உண்டு.

பொம்மைக்கு முதல் உருவம் செய்வது அவள் தொழில். தொழிற்சாலையில் அச்சு எடுத்து ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளுவதற்கு முன்னால், ஒரே ஒரு உருவம் யாரோ ஒருவர் கையில் பிறந்தாக வேண்டுமல்லவா? அந்தக் கை இவளுடையது. கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டுவாள். மெழுகு கலந்த களிமண்ணை விளக்கு வெப்பத்தில் இளக்கி அதன்மேல் சதை வைப்பாள். பல் டாக்டர் ஒருவர் தூக்கிப் போட்ட சுரண்டிகள், பாதிப் பல் உதிர்ந்த சீப்பு, ஒரு ஊக்கு, கைக்குழந்தைக்கு நகம் வெட்டும் குட்டி நகவெட்டி, இவைதான் அவள் கருவிகள். நகக்கண்ணில் எப்போதும் சாம்பல் நிறம் அப்பியிருக்கும். சொந்தக்காரர்கள் வீட்டு ஃபோட்டோக்களில் எல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நிற்பாள்.

பொம்மைக் கம்பெனியில் அவளுக்கு 'நிக்கட்டும் அக்கா' என்று பெயர். எதைக் காட்டி "நல்லா இருக்கா?" என்று கேட்டாலும், "நிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றுதான் பதில் வரும். பொம்மையோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடித்த சந்தோஷச் செய்தியைச் சொன்னபோதும் அதையே சொல்லிவைத்தாள். அந்த வீட்டம்மா வெகுநாள் இவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் பெயர் வாங்கியது பழைய காமிக்ஸ் அட்டைப் படங்களால். சிறு வயதில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கிய ஒரு அட்டையை நாம் மறந்திருப்போம். நம் கண் மறந்திருக்காது. அந்த நிலை, அந்தச் சாய்வு, அந்தக் கை நீட்டல், இதை எல்லாம் அவள் வேறொரு பொம்மைக்குள் வைத்துவிடுவாள். அவள் செய்த தீயணைப்பு வீரனின் கழுத்துத் துணி காற்றுக்கு எதிராகப் பறக்கும். ஏனென்றால் பழைய அட்டையொன்றில் ஒரு கப்பல் தலைவனுடையது அப்படித்தான் பறந்தது. அவள் செய்த இயந்திர மனிதனுக்கு ஒரு தோள் மட்டும் இறங்கியிருக்கும். அது, மழையில் நனைந்து வீடு திரும்பும் துப்பறிவாளர் ஒருவரின் தோள். கடையில் அந்தப் பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்க்கிற நடுவயதுக்காரர் முகத்தில் திடீரென்று ஒரு சிரிப்பு ஓடும். கூட நிற்கும் பிள்ளைக்கு அப்பா எதற்குச் சிரிக்கிறார் என்று புரியாது.

"தெரிஞ்சவங்களுக்குக் கண்ணடிக்கணும். தெரியாதவங்களுக்கு வெறும் பொம்மையா இருந்தாப் போதும்" என்பாள். இது திருட்டு இல்லையா என்று கேட்டால் கோபம் வராது. நிதானமாகவே பதில் சொல்வாள். "திருடினவன் எங்கேர்ந்து எடுத்தான்னு மறைப்பான். நான் காட்டுறேன். கும்பிடு போடறவன் கதவைச் சாத்திக்கிட்டா போடுவான்?"

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி உண்டு. அறையை இருட்டாக்கி, பொம்மைக்குப் பின்னால் டார்ச் விளக்கை வைத்துச் சுவரில் நிழல் விழ வைப்பாள். பிறகு வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் சரி, கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிவந்து, "இது யாரு?" என்பாள். சிலிண்டர் கொண்டுவருகிறவர், மின்சார மீட்டர் பார்க்கிறவர், யாரும் தப்ப முடியாது. கடைசியாக மாட்டிக்கொண்டவர் கூரியர்காரர். பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தவர், அடுத்த நொடியே, "அட, நம்ம கூரைக்காரன்" என்றார். பிறகு தலையைச் சாய்த்து, "ஆனா என்னக்கா, கையேந்திட்டு நிக்கிற மாதிரி இருக்கான்?" என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

அவள் அன்று சாப்பிடவில்லை.

கூரைக்காரன் என்பது வாசகர்கள் வைத்த பெயர். முப்பது வருடங்களுக்கும் முந்திய ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் அட்டை அது. ஊரெல்லாம் வெள்ளம். ஓட்டுக் கூரையின் விளிம்பில் ஒருவன் குனிந்து நிற்கிறான்; பின்னால் நீண்ட இடக்கையில் அரிக்கேன் விளக்கு; வலக்கை கீழே நீண்டிருக்கிறது. அட்டையின் அடி ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கை மேலே எழும்பி வருகிறது. மணிக்கட்டோடு அட்டை முடிந்துவிடுகிறது. யாருடைய கை, என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால் புத்தகத்தை வாங்கியாக வேண்டும். வாங்கினார்கள், வாங்கிக் குவித்தார்கள். பிற்பாடு வந்த ஓவியர்கள் பலர் அந்த அட்டைக்குத் தங்கள் அட்டைகளில் கும்பிடு போட்டார்கள். ஒருவர் அதே கூரையில் அதே நிலையில் ஒரு குண்டுப் பூனையை நிறுத்தி, கீழேயிருந்து ஒரு சுண்டெலியின் கையை எழுப்பியிருந்தார். மூல அட்டையை வரைந்தவர் அந்தப் பூனையைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார். கத்தரித்துச் சமையலறையில் ஒட்டியும் வைத்திருக்கிறார்.

அதை வரைந்தவர், இவளுடைய அம்மா.

அச்சகத்தில் அவருக்கு 'அட்டைக்காரம்மா' என்று பெயர். வாசகர்களுக்கு அதுகூடத் தெரியாது. "அன்புள்ள ஓவியர் ஐயா" என்று எழுதித் தள்ளினார்கள். அவரும் திருத்தவில்லை. இப்போது மகனோடு ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறார். அம்மாவும் மகளும் தினம் ஃபோனில் பேசுவார்கள்; முட்டிவலி, மருமகள், விலைவாசி என்று பேச்சு ஓடும். கூரைக்காரன் பேச்சு வந்த அந்தக் கணம் ஃபோன் வைக்கப்பட்டுவிடும்.

காரணம் இருந்தது. அந்த அட்டை வந்த புதிதில் எவனோ ஒரு பொம்மை வியாபாரி, கேட்காமல் கொள்ளாமல் கூரைக்காரனை மட்டமான பிளாஸ்டிக்கில் வார்த்து விற்றுவிட்டான். ஆள் மட்டும்தான். சின்னக் கை இல்லை, கூரை இல்லை. கடை வாசலில் தொங்கிய பொம்மைகளைப் பார்த்த அம்மா அங்கேயே, தெருவிலேயே, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். "கை குடுக்கிறவனைக் கையேந்துறவனா ஆக்கிட்டாங்க" என்று அன்று சொன்னதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதன்பின் எந்தக் கம்பெனி வந்து கேட்டாலும் ஒரே பதில்: முடியாது.

இப்போது கேட்பது மகள் வேலை செய்கிற கம்பெனி. அட்டை அம்மாவுடையது, அம்மா சரி என்றால்தான் பொம்மை. மாதிரி உருவம் மாதக் கடைசிக்குள் போய்ச் சேரவில்லை என்றால் கூரைக்காரனை விட்டுவிட்டு வேறு பொம்மைக்குப் போய்விடுவார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை, அவன் நிற்கவில்லை.

"படத்துக்கு முதுகு கிடையாதுங்க" என்றாள் கணவரிடம், ஒடிந்த மூக்கை ஊக்கால் எடுத்து ஒட்டிக்கொண்டே. "அம்மா முன்பக்கம் மட்டும் வரைஞ்சுட்டா. எடை எந்தக் காலு மேல இருக்குன்னு யாரும் கேக்கலை. நான் செஞ்சா களிமண்ணு கேக்குது."

குதிகாலில் ஈயக் குண்டு வைத்துப் பார்த்தாள். விளக்கின் எடையைக் கூட்டிப் பார்த்தாள். முதுகை ஒரு மயிரிழை நிமிர்த்திப் பார்த்தாள். அப்போது நின்றான், ஆனால் அவன் கூரைக்காரனாக இல்லை, பேருந்துக்குக் காத்திருக்கிறவனாக இருந்தான். கம்பெனி மேனேஜர் ஃபோனில் யோசனை சொன்னார். "வயித்துக்குக் கீழ ஒரு கண்ணாடிக் குச்சி முட்டுக் குடுத்துடலாம் மேடம். தெரியவே தெரியாது."

"அடுத்தவனைத் தூக்குறவனுக்கே முட்டா? பாக்குறவங்க சிரிப்பாங்க சார்."

ஒரு நாள் சோர்ந்துபோய், நீண்டிருந்த அவன் உள்ளங்கைக்குக் கீழே சும்மா தன் சுண்டுவிரலை வைத்தாள். கணவர் எங்கோ வெளியே போகக் கதவை அடித்துச் சாத்தினார். தரை அதிர்ந்தது. அவன் விழவில்லை.

அவள் வெகுநேரம் அந்த விரலை எடுக்கவில்லை.

அவன் நிற்பதற்கு என்ன வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்துவிட்டது. கீழேயிருந்து ஒரு கை வேண்டும். கை அந்தரத்தில் நிற்குமா? அதற்கு ஒரு பிள்ளை வேண்டும். கூரைக்குக் கீழே சுவரும், சுவரில் ஒரு ஜன்னல் விளிம்பும் வைத்து, அந்த விளிம்பில் ஏறி நின்று கையைத் தூக்கும் சிறுமி ஒருத்தியைச் செய்ய ஆரம்பித்தாள். மேனேஜர் பதறிப்போனார். "அட்டையில அந்தப் பொண்ணே இல்லையே மேடம். இல்லாத ஆளுக்கு எதுக்கு இன்னொரு அச்சு? உங்கம்மா வாயால வேணும்னு சொல்லட்டும், மேலிடத்துல பேசறேன். இல்லைன்னா குச்சிதான்."

இல்லாத ஆள். அந்த வார்த்தை அவளை எங்கே சுட்டது என்று மேனேஜருக்குத் தெரிய நியாயமில்லை. அட்டையின் அடியில் எழும்பி நிற்கும் அந்தச் சின்னக் கை அவளுடைய கை. பிள்ளையாக இருந்தபோது ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் நின்று அவள்தான் கையைத் தூக்கிக் காட்டினாள். அம்மா தூரிகையும் கையுமாக எதிரே உட்கார்ந்திருந்தார். "கையை அசைக்காதே. மத்ததெல்லாம் எப்படியோ இரு, எனக்கு வேணாம்" என்றார். வேலை மும்முரத்தில் எந்த அம்மாவும் சொல்வதுதான். ஆனால் அந்த 'வேணாம்' முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. ஊரே கொண்டாடிய அட்டையில் அவள் மணிக்கட்டோடு முடிந்துபோனாள்.

"நாளைக்கு மத்தியானம் வா. வந்து பாரு. பிடிக்கலைன்னா களிமண்ணை உருண்டையாப் பிடிச்சு உன் கையிலயே குடுத்துடறேன்" என்று அம்மாவிடம் ஃபோனில் சொன்னாள்; மேனேஜரின் குச்சி யோசனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இந்த முறை, அம்மா வைப்பதற்கு முன்னால் அவளே வைத்துவிட்டாள்.

அம்மா வந்தார். படி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள் கதவைப் பார்த்து, "இன்னும் இதை இழைக்கலையா மாப்பிள்ளை?" என்றார்.

"உங்க பொண்ணைத்தான் கேக்கணும் அத்தை. கதவுன்னா அவளுக்கு உசுரு. எனக்கு அடுத்தபடியா கதவா, கதவுக்கு அடுத்தபடியா நானான்னு தெரியலை."

"அதுல என்ன சந்தேகம், கதவுதான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளறைக்குப் போனார்.

டார்ச் போட்டாள் மகள். சுவரில் கூரை எழுந்தது. அதன் விளிம்பில் குனிந்தவன், விளக்கு, நீண்ட கை, கீழேயிருந்து ஏறும் சின்னக் கை. அம்மா சுவருக்கு அருகே போய் நிழலின் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். தன் கோடுதானா என்று சோதிப்பதுபோல இருந்தது. விரல் சின்னக் கையில் வந்து நின்றது. அதற்குக் கீழே நிழல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு தோள், ஒரு பின்னல், ஒரு கவுன்.

"விளக்கைப் போடு" என்றார்.

விளக்கைப் போட்டதும் பொம்மையிடம் குனிந்தார். "இது யாருடி?"

"நான்."

"உன்னை யாரு கேட்டா?"

கணவர், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று யாரும் கேட்காமலே நழுவினார்.

"யாரும் கேக்கலைம்மா. அதான் நானே செஞ்சேன்" என்றாள். குரல் உயரவில்லை, நகக்கண் களிமண்ணைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். "நீ கையோட நிறுத்திட்டே. மத்ததெல்லாம் வேணாம்னே."

"வேணாம்னுதான் சொன்னேன். ஏன்னு கேட்டியா நீ? முகம் வரைஞ்சா அது உன் கை. வரையலைன்னா பாக்குறவங்க எல்லாருக்கும் அவங்கவங்க வீட்டுப் பிள்ளையோட கை. அதுக்குத்தான் ஊரே வாங்குச்சு. இப்போ நீ முகத்தை வச்சுக் கெடுத்திருக்கே."

"முகம் முன்னால தெரியாது. நேரா வச்சுப் பாரு."

அம்மா ஒரு கண்ணைச் சுருக்கி நேராகப் பார்த்தார். சிறுமி முழுக்க மேலே அண்ணாந்திருந்தாள். எதிரே நிற்பவருக்கு முதுகும் பின்னலும் கையும் மட்டுமே தெரிந்தன.

"யாருக்கும் தெரியாம முகம் எதுக்கு?"

"யாருக்கும்னு இல்லை. மேலேர்ந்து பாக்குறவனுக்குத் தெரியும். குனிஞ்சு பாரு. அவன் தலைக்கு மேலேர்ந்து." சற்று நிறுத்திச் சொன்னாள்: "முன்னாலேர்ந்து பாத்தா உன் அட்டை. அவன் நிக்கிற இடத்துலேர்ந்து பாத்தா நான்."

அம்மா குனிந்தார். முட்டி மடங்கவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு, கூரைக்காரனின் தோளுக்கு மேலாகக் கண்ணைக் கொண்டுபோனார். அங்கே என்ன பார்த்தாரோ, சீக்கிரம் நிமிரவில்லை. தண்ணீர் டம்ளரோடு வந்த மாப்பிள்ளை அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

நிமிர்ந்தபோது அம்மாவின் முகம் கல்லாக இருந்தது.

"தப்பு" என்றார்.

"என்ன தப்பு?"

"காலு. பாதத்தைப் பப்பரப்பான்னு விளிம்புல வச்சிருக்கே. அன்னைக்கு நீ இப்படியா நின்னே? ஜன்னலோட மேல்கம்பி உனக்கு எட்டலை. நுனிக்கால்ல நின்னே. வலிக்குமேன்னு ரெண்டு புஸ்தகத்தை எடுத்து உன் காலுக்குக் கீழ வச்சேன். நீ காலாலயே தள்ளிவிட்டே. 'வேணாம், எட்டும்'னே. எட்டிக்கிட்டேதான் நின்னே, நான் முடிக்கிறவரைக்கும். முழங்கால் ஆடுது, ஆனா எறங்கலை. அப்படி ஒரு அழுத்தம் உனக்கு." அம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கையை வரைஞ்சேன்டி. பாத்தது உன் காலை."

டம்ளரை அத்தையிடம் கொடுக்க வந்த மாப்பிள்ளை, அதை மகளிடமே கொடுத்துவிட்டார். அவள் குடிக்காமல் அதை மேசையில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சுரண்டி ஒன்றைச் சுடவைத்துச் சிறுமியின் குதிகால்களுக்கு அடியில் மெல்ல நெம்பினாள். பாதம் வளைந்து எழும்பியது. விரல்கள் மட்டும் ஜன்னல் விளிம்பைக் கவ்வின. உடம்பு முழுவதும் ஒரு கடுகளவு உயர்ந்ததில், இதுவரை அவன் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் இருந்த சின்னக் கை அவன் விரல்களுக்கு இடையில் போய்ப் பொருந்திக்கொண்டது.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள, ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைக் குறை சொன்னார்.

களிமண் ஆறி இறுகியதும் கிளம்பினார். மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் சொல்லாமப் போறியேம்மா" என்றாள் மகள், பின்னாலேயே வந்து.

"நான் என்ன சொல்ல? உன் வழக்கம்தான் ஊருக்கே தெரியுமே, நிக்கட்டும், அப்புறம் பேசலாம்." செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கி நின்றார். "இந்தக் கதவை நான் சாத்துறேன். படியில நின்னு கேப்பேன். உள்ள சத்தம் வந்துச்சுன்னா, அந்த மேனேஜருக்கு நானே ஃபோன் போட்டு முடியாதுன்னுடுவேன். வரலைன்னா, பொண்ணு இல்லாம ஆள் கிடையாது, குச்சி கிச்சின்னு என்கிட்ட பேசாதேன்னு சொல்வேன்."

"அத்தை, கொஞ்சம் மெதுவா…" என்று ஆரம்பித்தார் கணவர்.

"நீங்க தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை. நீங்க தாங்கிப் பிடிச்சுத்தான் நின்னுச்சுன்னு பேர் வரக் கூடாது."

"ஓங்கியே சாத்தும்மா" என்றாள் மகள்.

அம்மா கதவின் கைப்பிடியைப் பிடித்தார். இழுக்கப் போனவர், ஏதோ கடையில் வாங்க மறந்த பொருளைச் சொல்வதுபோல், "அப்போ உனக்கு முன்பல் விழுந்திருந்துச்சு. வாய் நிறையப் பல்லு வச்சிருக்கே. ஒண்ணை எடுத்துடு" என்றார்.

கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. தரை அதிர்ந்தது. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக் கிணுகிணுத்து அடங்கின.

அவள் வலக்கையைத் தூக்கி விரல்களை விரித்தாள்.

உள்ளறையிலிருந்து ஒன்றும் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலும் அசைவில்லை. பிறகு அங்கே செருப்புச் சத்தம் கேட்டது. முதல் படி. நின்று, அடுத்த படி. முட்டிவலிக்காரியின் நிதானத்தோடு அது கீழே இறங்கிக்கொண்டே போனது.

"போயாச்சு. கையை இறக்கு" என்றார் கணவர் மெல்ல.

அவள் இறக்கவில்லை. சாத்திய கதவுக்கு எதிரே நின்றபடி, அண்ணாந்து, கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். குதிகால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருந்தன.